பில்டரில் இல்லாத பழுது: திருகோணமலைக்கு வந்த ஒரு பாய்ப்படகின் நிகழ்வு ஆய்வு

நான் திருகோணமலையில் மீன்பிடிப் போட்டுகளுக்கு எஞ்சின் வேலை செய்கிறவன். பாய்ப்படகு என் தொழில் இல்லை. ஆனாலும் தை பிறந்தால் வங்காள விரிகுடாவைத் தாண்டி வருகிற படகுகள் சில உள்துறைமுகத்தில் நங்கூரம் போடும், அதில் ஏதாவது ஒன்றின் எஞ்சினுக்கு வருத்தம் வரும், யாராவது என் நம்பரைக் கொடுப்பார்கள். இது அப்படி வந்த ஒரு வேலை. சம்பந்தப்பட்ட கணவன் மனைவி இருவரிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டுகிற சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எஞ்சின் மணித்தியாலம், அளவு, நடந்த வரிசை எதையும் மாற்றவில்லை. என் பிழையும் இதில் இருக்கிறது, அதையும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி

அவருக்கு ஐம்பத்தாறு வயது, அவருடைய மனைவிக்கு ஐம்பத்திரண்டு. அவர் வல்வெட்டித்துறையில் பிறந்து இளம் வயதிலேயே நோர்வே போனவர். அக்கா (நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) இந்த ஊரிலேயே பிறந்து 1990-இல் குடும்பத்தோடு வெளியேறியவர். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டில் போன பிறகு வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, லங்காவியில் பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி, நாலு வருடமாக அதிலேயே குடியிருக்கிறார்கள். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கதையைச் சொன்னார். அந்த ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

படகு 12 மீற்றர் நீளம், ஃபைபர், முப்பது வயது தாண்டியது. நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், 40 குதிரை வலு. டீசல் தாங்கி அலுமினியம், 240 லீற்றர், நடு அறையின் தரைப்பலகைக்குக் கீழே. அதற்குள் கை விட வழி இல்லை, மேலே குழாய்கள் போகிற சின்னத் தட்டு ஒன்றுதான். டீசல் ஊற்றுகிற மூடி மேல்தளத்தில் ஓரமாக, ஆட்கள் நடக்கிற இடத்தில் இருக்கிறது. அலை ஏறினால் முதலில் நனைகிற இடம் அது.

அவர்களுடைய வாழ்க்கைமுறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பழுதின் வேர் அங்கேதான் இருக்கிறது. மின்சாரம் கூரையில் உள்ள சோலார் தகடுகளிலிருந்து, சமையல் காஸ் சிலிண்டரில். காற்று இருந்தால் பாய், காற்று இல்லாவிட்டால் அவசரமில்லை, இன்னொரு நாள் அந்தத் தீவிலேயே கிடப்பார்கள். முன்பிருந்த சொந்தக்காரர் பற்றரி ஏற்றுவதற்காகவே தினமும் ஒரு மணித்தியாலம் எஞ்சின் ஓட்டினாராம். இவர்கள் சோலார் போட்ட பிறகு அதுவும் நின்றது. கடைசியாக, உறவில் ஒரு சாவு, அப்புறம் ஒரு கல்யாணம் என்று நோர்வேக்குப் போய் வந்ததில் படகு பதினாலு மாதம் லங்காவியில் கட்டியபடி கிடந்தது. தாங்கியில் அப்போது 130 லீற்றர், அதாவது பாதிக்குச் சற்று மேல். மீன்பிடிப் போட்டில் இந்த நோய் வராது என்றில்லை, ஆனால் குறைவு. இன்று ஊற்றிய டீசல் நாளைக்கு எரிந்து போகும். பாய்ப்படகில் டீசல் கிடந்து பழசாகும், நன்றாகப் பாய் ஓட்டத் தெரிந்தவன் படகில் இன்னும் பழசாகும்.

திட்டம் இதுதான். தையில் லங்காவியிலிருந்து புறப்பட்டு, கிரேட் நிக்கோபாருக்கும் சுமாத்திராவுக்கும் இடையிலே கடந்து, வாடைக்காற்றில் திருகோணமலை வருவது. இங்கே ஒன்பது நாள் நிற்பது, அக்காவின் மாமியைப் பார்ப்பது. பிறகு தெற்கைச் சுற்றி மாலைதீவின் வட முனையில் உள்ள உலிகன். தென்மேற்குக் காற்றான சோளகம் தொடங்குமுன் அங்கிருந்தும் தெற்கே இறங்க வேண்டும், ஆகவே நாட்கள் இறுக்கம்.

பத்து நாள் பயணம்

புறப்படுமுன் 100 லீற்றர் புது டீசல் ஊற்றினார்கள். ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து 230. தூரம் ஏறக்குறைய 1,200 கடல் மைல். வாடை அந்த வருடம் விட்டுவிட்டு அடித்ததால் நினைத்ததை விட அதிகமாக எஞ்சின் ஓட்ட வேண்டி வந்தது.

மூன்றாம் நாள் இரவு எஞ்சினின் சுற்று தானாகவே 2,200-இலிருந்து 1,800-க்கு இறங்கியது. தாங்கியிலிருந்து வருகிற டீசலை எஞ்சினுக்குப் போகுமுன் வடிக்கிற முதல் பில்டரை அவர் கழற்றிப் பார்த்தார், தாளில் கறுப்பாக வழுவழு என்று ஏதோ. புதியதைப் போட்டார், டீசல் குழாய்க்குள் புகுந்த எயாரை எடுத்தார், எஞ்சின் பழையபடி ஓடியது. “பழைய அழுக்கு, வந்து முடியட்டும்” என்று அக்காவிடம் சொன்னார். கையில் நாலு உதிரி பில்டர் இருந்தது, அதில் ஒன்று போயிற்று.

அந்தப் பில்டர் பதின்மூன்று மணித்தியாலம் தாங்கியது. அதற்கடுத்தது ஏழு. எஞ்சின் வேலை முழுவதும் அவருடையது, பாயும் நங்கூரமும் அக்காவுடையது, அப்படித்தான் நாலு வருடமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஆகவே பில்டர் மாற்றியது ஒவ்வொன்றும் எஞ்சின் பதிவேட்டில் அவர் கையெழுத்தில், எஞ்சின் மணித்தியாலத்தோடு சுத்தமாக எழுதியிருக்கிறது. எழுதியவர் அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை, அக்கா அந்தப் பதிவேட்டைத் திறந்ததே இல்லை. புறப்பட்டதிலிருந்து முதல் மாற்றம் வரை 26, பிறகு 13, பிறகு 7. ஒவ்வொரு தடவையும் பாதி. அடுத்தது மூன்றோ மூன்றரையோ என்று பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். ஆனால் நடுக்கடலில், இரவு இரண்டு மணிக்கு, டீசல் மணக்கிற குழிக்குள் தலைகீழாகக் கிடந்து பில்டர் மாற்றியவருக்கு அது திரும்ப ஓடியதே பெரிய காரியம். நானாக இருந்தாலும் போய்ப் படுத்திருப்பேன்.

கொட்டியாரக் குடாவின் வாயில்

பத்தாம் நாள் விடியற்காலை, திருகோணமலைத் துறைமுகத்துக்கு முன்னால் உள்ள கொட்டியாரக் குடா. பவுல் பொயின்ற் வெளிச்சவீடு இடப்பக்கம், தூரத்தில் வலப்பக்கமாகக் கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலை. காற்று வடகிழக்கிலிருந்து மெதுவாக, எட்டு நொட்டுக்கு (மணிக்கு எட்டுக் கடல் மைல்) மேல் இல்லை, ஆனால் வாடையின் மிச்ச அலை நீளமாக உருண்டு வந்துகொண்டிருந்தது. துறைமுகத்துக்குள் போகப் போகிறோம் என்று பெரிய பாயை இறக்கி, மடித்து, உறையும் போட்டுக் கட்டியாயிற்று. முன்பாயைச் சுருட்டியாயிற்று. அதிகாரிகள் ஏறுவார்களே, படகு ஒழுங்காகத் தெரிய வேண்டாமா என்று அக்கா தேனீர் கோப்பைகளைக்கூடக் கழுவி வைத்துவிட்டார்.

மூன்றாவது உதிரி பில்டர் போட்டு இரண்டரை மணித்தியாலத்தில் எஞ்சின் ஏறி இறங்கி இருமி நின்றது. கரை தெற்கே ஒன்றரைக் கடல் மைல்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. திருகோணமலைத் துறைமுகம் ஆழத்துக்குப் பேர் போனது, கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று குடாவின் வாய் வரை வருகிறது, அதனால்தான் திமிங்கிலத்தைக் கரையிலிருந்து கொஞ்சத் தூரத்திலேயே பார்க்கலாம். எஞ்சின் நின்ற படகுக்கு இது நல்ல செய்தி இல்லை. வரைபடத்தில் அந்த இடத்தின் ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றர், அவர்களிடம் இருந்த நங்கூரச் சங்கிலி 60 மீற்றர். நங்கூரம் பிடிக்கிற ஆழத்துக்கு வரும்போது பக்கத்திலேயே கல்லும் வந்துவிடும். காற்றும் அலையும் அந்தப் பக்கம்தான் தள்ளுகிறது.

அவர் கீழே பாய்ந்தார். கடைசி உதிரி பில்டரைத் தேடிக்கொண்டே “பத்து நிமிசம் தா, ஓட வைக்கிறன்” என்று கத்தினார். மேலே அக்கா தனியே. அந்தப் பத்து நிமிடத்தை நம்பிக் காத்திருப்பதா, இல்லையா என்பதுதான் இந்த நிகழ்விலேயே முதலாவது பெரிய முடிவு. அக்கா காத்திருக்கவில்லை. முன்பாயை அவிழ்த்து விட்டார், சுக்கானைத் திருப்பினார், படகு வந்த வழியே வெளிக்கடலுக்கு மெல்ல நகர்ந்தது. துறைமுகத்துக்கு முதுகைக் காட்டி. “என்னப்பா செய்யிறீர், ஊர் அந்தப் பக்கம்” என்று கீழேயிருந்து சத்தம். “ஊர் எங்கயும் போகாது, நீங்க வேலையைப் பாருங்கோ” என்று பதில். இதை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் ஒரே மாதிரிச் சொன்னார்கள், ஆகவே இப்படித்தான் நடந்திருக்கும்.

உறையைக் கழற்றிப் பெரிய பாயை ஏற்ற இருபது நிமிடம் எடுத்தது, வழக்கமாக நாலு நிமிட வேலை. கட்டுகள் எல்லாம் விடுதிக் கட்டில் மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தன. கரையிலிருந்து மூன்று மைல் விலகிய பிறகு முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, படகை அநேகமாக நின்ற இடத்திலேயே மிதக்க விட்டார்கள்.

அதற்குள் அவர் கடைசிப் பில்டரைப் போட்டு எஞ்சினை ஓட வைத்திருந்தார். ஓடுகிறதே, நேரே உள்ளே போவோம் என்றார். அக்கா அப்போதுதான் முதல் தடவையாகப் பில்டர் எண்ணிக்கையைக் கேட்டார். இன்னும் எத்தனை இருக்கு? இல்லை. இது எவ்வளவு நேரம் ஓடும்? தெரியாது. அப்படியானால் அதை நிறுத்துங்கோ என்றார். ஓடக்கூடிய நிலையில் ஒரு பில்டர் கையில் இருப்பது அவசரத்துக்கு, அதைப் பயணத்துக்குச் செலவழிக்கக்கூடாது என்பது அவருடைய கணக்கு. காற்று இருக்கிறது, குடா அகலம், பாயிலேயே உள்துறைமுகத்தின் வாய் வரை போகலாம். இது இரண்டாவது முடிவு. என்னைக் கேட்டால் முதலாவதை விடக் கடினமானது, ஏனென்றால் எஞ்சின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

தொழில் முடித்துத் திரும்பிய ஃபைபர் போட் ஒன்று இடையில் பக்கத்தில் வந்தது, மூதூர்ப் பக்கத்து ஆட்கள், அப்பாவும் மகனும். கயிறு தாங்கோ, இழுக்கிறோம் என்றான் பொடியன். தகப்பன் தடுத்தார். “இந்த அலைக்குள்ள வேண்டாம் தம்பி. உங்கட படகு பாரம், கயிறு இழுபட்டு எங்கட போட் கவிழும். உள்ளுக்க தண்ணி படுத்திருக்கும், அங்க வந்து பக்கத்தில கட்டிக் கொண்டு போறம்.” சொன்னபடியே வாயருகில் காத்திருந்தார். துறைமுகக் கட்டுப்பாட்டுக்கு ரேடியோவின் 16-ஆம் சனலில் நிலைமையைச் சொல்லி அனுமதி வாங்கியபின், ஃபைபர் போட்டைப் படகின் பின் இடுப்பில் பழைய ரயர் வைத்துச் சேர்த்துக் கட்டி, கடைசி அரை மைலை அப்படி ஓடினார்கள். முன்னால் போய் இழுத்திருந்தால் படகை நிறுத்த வழி இருந்திருக்காது, பக்கத்தில் கட்டினால் நிறுத்தவும் திருப்பவும் முடியும். காசு கொடுக்கப் போனபோது எண்ணெய்க்காசை மட்டும் வாங்கினார்.

போத்தலில் கண்டது

இரண்டாம் நாள் என்னைக் கூட்டிப் போனார்கள். பில்டரின் கீழ்க் கண்ணாடிக் கோப்பையில் தண்ணீர், அதற்கு மேல் பழுப்பாக ஆடை. இதை நாங்கள் பாசி என்கிறோம், உண்மையில் பாசி இல்லை. பாசிக்கு வெயில் வேண்டும், தாங்கிக்குள் வெயில் ஏது? இவை பூஞ்சணமும் பக்ரீரியாவும். தண்ணீருக்குள் குடியிருந்து டீசலைத் தின்பவை. டீசல் தண்ணீரை விட இலேசு, ஆகவே தண்ணீர் தாங்கியின் அடியில் கிடக்கும், இரண்டும் தொடுகிற அந்த மட்டத்தில்தான் இவை வளரும். தண்ணீர் இல்லாவிட்டால் இவையும் இல்லை. சூடு வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும். பதினாலு மாதம், லங்காவி வெயில். இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. மலேசியாவில் 2019 முதல் வாகன டீசலில் குறைந்தது 10 சதவீதம் பாமாயிலிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். அதில் குற்றமில்லை, எரித்துவிட்டால் நல்ல எண்ணெய். ஆனால் அது சாதாரண டீசலை விடக் கூடுதலாக ஈரம் பிடிக்கும், கிருமிக்கும் சாப்பிட இலகு. புதிதாக ஊற்றினால் பழைய தாங்கியின் சுவரில் ஒட்டியிருப்பதைக் கரைத்து இறக்கிவிடும்.

மெல்லிய குழாயைத் தாங்கியின் அடிவரை விட்டு ஒரு லீற்றர் உறிஞ்சி, கண்ணாடிப் போத்தலில் ஊற்றி இரவு முழுவதும் ஆடாமல் வைத்தோம். காலையில் மூன்று அடுக்கு. அடியில் இரண்டு விரல் தண்ணீர், அதன் மேல் சளி மாதிரி ஒரு படை, அதற்கு மேலே கலங்கிய டீசல்.

தண்ணீர் எங்கிருந்து? பாதித் தாங்கி வெறுமையாகக் கிடந்தால் பகல் சூட்டிலும் இரவுக் குளிரிலும் உள்ளே வியர்க்கும், அந்த வியர்வைதான் என்று நான் உடனே சொல்லிவிட்டேன். அக்காதான் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் விட்டு வெயிலில் காய வைத்தார். வெள்ளையாக உப்புப் படிந்தது. வியர்வையில் உப்பு வராது. மேல்தளத்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் புகாமல் அடைக்கிற றப்பர் வளையம் (ஓரிங்) இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. பயணத்தில் தளத்தில் ஏறிய ஒவ்வொரு அலையும் அதற்குள் சில சொட்டு விட்டிருக்கிறது. கட்டிக் கிடந்த காலத்து மழையும் அதே வழிதான் வந்திருக்கும்.

எப்படிச் சரி செய்வது

அவருக்கு அவசரம். கிருமியைக் கொல்லுகிற மருந்து ஒரு போத்தல், பில்டர் இருபது, ஒன்பதாம் நாள் புறப்படுவோம் என்றார். நான் மறுத்தேன். மருந்து கொல்லும், கொன்றதை வெளியே எடுத்துப் போடாது. செத்த படை செதில் செதிலாக உடைந்து அதே குழாய்க்கு வரும், முன்பை விட மோசமாக அடைக்கும். மருந்து சுத்தமான தாங்கிக்குத்தான்.

டீசலைப் பம்பில் சுற்றி வடிக்கலாம் என்பது இன்னொரு வழி. அது எண்ணெயைத் துப்புரவாக்கும், சுவரில் ஒட்டியதைத் தொடாது. மிச்சம் இருந்தது தாங்கியின் மேற்புறத்தை வெட்டி, கை விட்டுத் துடைப்பது.

வெட்டுவது என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது. முப்பது வருடம் தாங்கிய தாங்கியை வெட்டுவதா? பில்டர் வேலை செய்யவில்லை என்பதுதானே பிரச்சினை, இன்னும் பெரிய பில்டர் போட்டால் என்ன? அப்போதுதான் அக்கா பதிவேட்டை எடுத்து வந்து சத்தமாக வாசித்தார். இருபத்தாறு. பதின்மூன்று. ஏழு. இரண்டரை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பில்டர் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது, அடைத்ததே அதற்குச் சாட்சி. தாங்கியில் எண்ணெய் மட்டம் குறையக் குறைய அலையில் குலுங்குவது கூடும், அடியில் கிடந்தது அவ்வளவும் கிளம்பும், அதனால்தான் பாதி பாதியாக வந்தது. சரி, வெட்டுங்கோ என்றார்.

தாங்கியில் மிச்சமிருந்த 110 லீற்றரையும் இறைத்தோம். அதில் ஒரு 70 லீற்றரைத் தெளிய வைத்துப் பட்டறையில் சாமான் கழுவ எடுத்துக்கொண்டேன், மிச்சம் கழிவெண்ணெய் வாங்குகிறவரிடம் போயிற்று. துறைமுகத்தில் ஒரு சொட்டும் விடவில்லை. காஸ் சிலிண்டரைப் படகிலிருந்து இறக்கினோம், எல்லாப் பலகையையும் திறந்து காற்றாடி வைத்தோம். டீசல் பெற்றோல் மாதிரிச் சட்டென்று பற்றாது, ஆனாலும் மூடின குழிக்குள் அதன் ஆவியோடு விளையாடக்கூடாது. கை விசையில் துளை போட்டோம், வெட்டுகிற பல்லில் தடிப்பாகக் கிறீஸ் பூசினோம், அலுமினியத் தூள் உள்ளே விழாமல் கிறீஸோடு ஒட்டி வரும்.

முதல் துளையும் என் பிழையும்

எண்ணெய் உறிஞ்சுகிற குழாய் இருந்த பக்கம் ஒரு துளை வெட்டினோம், கை தோள் வரை போகும். உள்ளே விரல் தடிப்புக்குப் பாசி. இரண்டு நாள் சுரண்டித் துடைத்தோம், ஐந்து வாளி சீலை. என் கை அந்தப் பக்கச் சுவரில் முட்டும் வரை துடைத்தேன், சுவர் பளபளத்தது. தட்டு அடித்து மூடினோம். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற நாலு நொசிலையும் சோதனைக்கு அனுப்பியதில் ஒன்று உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டிருந்தது, அதை மாற்றினோம்.

புது டீசல் 60 லீற்றர், 20 லீற்றர்க் கான்களில் ஓட்டோவில் கொண்டு வந்து சின்ன றப்பர் போட்டில் ஏற்றியது. சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கி 99 நிற்கிற ஊரில் மூன்று கான் டீசலைச் சுமப்பதற்கு ஒரு முழு நாள். 2022-இல் நாள்கணக்கில் வரிசையில் நின்ற சனம் நாங்கள், கானோடு பெற்றோல் செட்டுக்குப் போகிறவனை இன்னும் ஒரு மாதிரித்தான் பார்க்கிறோம்.

பத்தாம் நாள் வெள்ளோட்டம். பில்டருக்கு ஒரு உறிஞ்சு மானி பொருத்தியிருந்தேன், அடைக்கத் தொடங்கினால் முள் ஏறும். குடா வாய் வரை போய் அலையில் வேண்டுமென்றே குலுக்கினோம். கடற்கரையில் பிறந்தவன் என்று பெயர், வாந்தி எடுத்தது நான் மட்டும்தான். இரண்டு மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் முள் சிவப்புக்கு ஏறியது.

பில்டரைக் கழற்றினால் அதே கறுப்பு. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கரைக்கு வந்து, ஒரு கப் தேனீர் குடித்து, பிறகுதான் டேப்பை எடுத்துத் தாங்கியை வெளியே அளந்தேன். நீளம் 110 சென்ரிமீற்றர். உள்ளே என் கை முட்டிய இடம் 55. நான் இரண்டு நாள் பளபளக்கத் துடைத்தது தாங்கியின் சுவரை இல்லை, நடுவில் நிற்கிற தடுப்புத் தகட்டை. எண்ணெய் குலுங்காமல் இருக்கப் பெரிய தாங்கிகளுக்குள் அப்படி ஒரு தகடு வைப்பார்கள், அடிமூலையில் எண்ணெய் போக வழி விட்டிருக்கும். அந்த வழியால் மற்றப் பாதியின் பாசி வந்துகொண்டிருந்தது. மீன்பிடிப் போட்டின் தாங்கியிலும் இருக்கிற தகடுதான், எனக்குப் புதிது இல்லை. பதிவேட்டின் எண்களை அவர் சேர்த்துப் பார்க்கவில்லை என்று மனதுக்குள் சிரித்தவன் நான். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அக்காதான் “அப்ப இன்னொரு ஓட்டை” என்றார்.

இரண்டாவது துளையை என் செலவில் வெட்டினேன். அந்தப் பாதியில் இருந்தது முதல் பாதியை விடக் கூட. தண்ணீரும் அங்கேதான் பெரும்பகுதி, ஏறக்குறைய நாலு லீற்றர், மேல் மூடியின் குழாய் அந்தப் பக்கம் இறங்குவதால்.

அதன் பிறகு

இரண்டாவது வெள்ளோட்டத்தில் ஐந்து மணித்தியாலம் குலுக்கினோம், முள் அசையவில்லை. அன்றைக்கே இன்னொரு வேலையும் நடந்தது. எஞ்சினை வேண்டுமென்று நிறுத்தி, எண்ணெய்க் குழாயைக் கழற்றி, அக்காவைத் தனியே பில்டர் மாற்றி எயார் எடுக்க விட்டோம். முதல் தடவை முப்பத்தைந்து நிமிடமும் ஒரு கெட்ட வார்த்தையும். மூன்றாவது தடவை பதினொரு நிமிடம். பதிலுக்குக் கணவர் உறை போட்டுக் கட்டிய பெரிய பாயைத் தனியே ஏற்ற வேண்டியிருந்தது. நேரத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஒன்பது நாள் நிற்க வந்தவர்கள் பத்தொன்பதாம் நாள் புறப்பட்டார்கள். கூடப் போகவிருந்த இரண்டு படகும் முதலிலேயே போய்விட்டன. தேவேந்திரமுனைக்கு வெளியே பெரிய கப்பல்கள் வரிசையாக ஓடுகிற பாதையை இரவில் தனியே கடக்க வேண்டி வந்ததாம், அது இந்தத் தாமதத்தின் விலை. அங்கே ஒரு தடவை காற்றுச் செத்து, கப்பலுக்கு ஒதுங்க நாற்பது நிமிடம் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டியிருக்கிறார்கள். ஓடியது. பங்குனிக் கடைசியில் உலிகனிலிருந்து செய்தி வந்தது: 74 எஞ்சின் மணித்தியாலம், அதே பில்டர், முள் பச்சையில்.

எதை மாற்றிச் செய்வது

நங்கூரம் தரையைப் பிடிக்கும் வரை பாய்க்கு உறை போடக்கூடாது. அக்கா அந்த இருபது நிமிடத்தை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறார், காற்று இன்னும் பத்து நொட்டு கூட இருந்திருந்தால் அந்த நேரம் இருந்திருக்காது என்கிறார். நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பதிவேட்டில் பில்டர் மாற்றத்துக்குத் தனிப் பக்கம் ஒன்று போட்டுவிட்டார்கள், முந்தைய இடைவெளி பக்கத்திலேயே தெரிகிற மாதிரி. இரண்டாவது தடவை இடைவெளி குறைந்தால் அங்கேயே எஞ்சினை நிறுத்தி, காற்று எவ்வளவு மெதுவாக இருந்தாலும் பாயில் போவது, இருக்கிற பில்டரைத் துறைமுகத்துக்கு மிச்சம் பிடிப்பது என்று பேசி வைத்திருக்கிறார்கள். பத்து நாள் பயணம் பதின்மூன்று நாள் ஆகும், சாப்பாடு இருந்தது, தண்ணீர் இருந்தது, அவசரம் மட்டும்தான் இல்லாமல் இருந்திருக்க வேண்டும்.

படகைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் போவதென்றால் தாங்கியை முழுக்க நிரப்புவது, அல்லது முழுக்க வெறுமையாக்குவது. அவர் நிரப்புவது என்கிறார், நான் வெறுமையாக்குவது என்பேன். திரும்பி வந்ததும் அடியிலிருந்து ஒரு போத்தல் உறிஞ்சி ஓர் இரவு வைத்துப் பார்க்காமல் புறப்படக்கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் வாதமில்லை. அந்த ஒரு போத்தலை லங்காவியில் பார்த்திருந்தால் இது அங்கேயே, கட்டிய படகில், இரண்டு நாள் வேலையாக முடிந்திருக்கும். ஓரிங் சில்லறைக் காசு, வருடம் ஒன்று மாற்றலாம்.

என் பக்கம்: எந்தத் தாங்கியைத் திறந்தாலும் முதலில் வெளியே அளக்கிறேன். போன கிழமை கிண்ணியாப் போட் ஒன்றில் அளந்துகொண்டிருந்தபோது, என்ன பாஸ், சட்டை தைக்கப் போறீங்களா என்று கேட்டார்கள்.

உலிகனில் அவர் மறுபடி ஒரு போத்தல் உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். பாசி இல்லை, ஆனால் அடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். ஓரிங் புதிது, மூடியில் கிறீஸ் பூசியிருக்கிறது. காய வைத்துப் பார்த்து உப்பா இல்லையா என்று சொல்லும்படியும், தாங்கியின் காற்றுப் போகிற குழாய் படகின் வெளிச்சுவரில் எந்த உயரத்தில் திறக்கிறது என்று பார்க்கும்படியும் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை, தெற்கே போய்க்கொண்டிருப்பார்கள்.